அளவும் ஒழுங்கும்: ஆண்டிறுதிக் கணக்கெடுப்பு மனிதரை மாற்றுகிறதா?

கேள்வி

ஆண்டு முடியும் வாரங்களில் இரண்டு வேலைகள் பல வீடுகளில் சேர்ந்தே நடக்கின்றன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மேசை, அலமாரி, ஃபைல்கள், வயர்கள் என எல்லாவற்றையும் இறக்கிப் போட்டு ஒழுங்குபடுத்துகிறார்கள். கைக்கடிகாரமும் கைபேசியும் ஓராண்டாகச் சேர்த்துவைத்த நடை, எடை, தூக்கம், இதயத் துடிப்பு ஆகியவற்றின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பிறகு இவ்விரண்டும் இன்னும் நெருங்கிவிட்டன. அலுவலகம் வீட்டுக்குள் வந்தபோது பேருந்து நிறுத்தம்வரை நடந்த நடையும் அலுவலகப் படிகளில் ஏறிய ஏற்றமும் பலரது அன்றாடத்திலிருந்து விடுபட்டுப்போயின. வேலை நடக்கும் மேசையும் உடற்பயிற்சிக்கான பாயும் ஒரே அறைக்குள் வந்தன.

தன் இடத்தை ஒழுங்கு செய்து, தன் உடலை அளந்து குறித்துவந்தால் தன் நடத்தையும் மாறும் என்பதே இந்தக் கணக்கெடுப்பின் பின்னுள்ள நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. எழுதிவைப்பதே திருத்தும் என்றார்கள் பழைய அறநெறியாளர்கள். அளந்தால் அறியலாம், அறிந்தால் ஆளலாம் என்றார்கள் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும். அளவு இலக்கைத் திரித்துவிடும், ஒழுங்கு ஒரு சுமையாகும் என்று எச்சரித்தார்கள் உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும். அளப்பதும் அடுக்குவதும் யார் விருப்பப்படி நடக்கின்றன என்பதைப் பொறுத்தே பலன் அமையும் என்பது அண்மையில் வலுப்பெற்றுவரும் நான்காவது நிலைப்பாடு. இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு எடை தாங்கும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

எழுதிவைத்தால் திருந்தலாம்: அறநெறியாளர்களின் விடை

தன்னைத் தானே தணிக்கை செய்யும் வழக்கத்தின் தெளிவான பழைய சான்றுகளில் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவவாதி செனேகா சினத்தைப் பற்றி எழுதிய நூலில் கிடைக்கிறது. இரவில் விளக்கை எடுத்த பின்பு, அன்று செய்தவை ஒவ்வொன்றையும் மனத்துக்குள் விசாரணைக்கு நிறுத்துவதாக அவர் சொல்கிறார். செக்ஸ்டியஸ் என்ற முன்னோடியிடமிருந்து இந்த வழக்கத்தைப் பெற்றதாகவும் குறிப்பிடுகிறார். பித்தகோரஸ் மரபினரின் அறவுரைகளிலும் உறங்குமுன் அன்றைய செயல்களை எண்ணிப் பார்க்கும் அறிவுரை உண்டு. இவை எதிலும் எண்ணிக்கை இல்லை; நினைவுதான் கருவி.

எண்ணிக்கை நுழைந்த தடத்தை 16ஆம் நூற்றாண்டில் காண்கிறோம். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலாவின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் அச்சேறியது. திருத்திக்கொள்ள விரும்பும் குறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் விழும்போதெல்லாம் அன்றைய நாளுக்குரிய கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும் என்பது அதில் உள்ள முறை. இன்றைய கைபேசிச் செயலிகளின் வாராந்திர வரைபடத்துக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த மரபின் மிகப் பிரபலமான வாரிசு பெஞ்சமின் பிராங்க்ளின். பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்கள் வரைந்து, தவறிய இடங்களில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு பண்பு. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. அவருடைய பட்டியலில் மூன்றாவது பண்பு ஒழுங்கு: பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். உடலை ஆளும் கணக்கும் மேசையை ஆளும் ஒழுங்கும் ஒரே ஏட்டில் இணைந்தது இங்கேதான்.

பிராங்க்ளினின் அனுபவம் இந்த விடையின் வலிமையையும் பலவீனத்தையும் சேர்த்தே காட்டுகிறது. தன் குறைகள் நினைத்ததைவிட அதிகம் என்று ஏடு காட்டியதையும், அவை குறைந்துவந்ததில் கிடைத்த நிறைவையும் அவர் பதிவு செய்கிறார். ஆனால் ஒழுங்கு மட்டும் கடைசிவரை வசப்படவில்லை என்கிறார். ஆண்டுக்கு நான்கு சுற்றாக இருந்தது ஒன்றாகி, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒன்றாகி, பயணங்களுக்கும் பொதுவேலைகளுக்கும் இடையே நின்றேபோனது. பதிவேடு கைவிடப்படுவது மின்னணுக் கருவிகளோடு பிறந்த நோயன்று என்பதற்கு இது போதிய சான்று.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. காகிதத்தில் அழித்து அழித்து எழுதி ஏடு கிழிந்ததால், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு அவர் அட்டவணையை மாற்றிக்கொண்டார். அதாவது அவருடைய கணக்கு அடுத்த சுற்றுக்காக எழுதப்பட்டது, சேமித்துவைப்பதற்காக அன்று. இன்றைய கருவிகள் எதையும் துடைப்பதில்லை. ஆண்டிறுதித் தொகையைத் திரட்டித் தருவது இந்த முடிவில்லாச் சேமிப்புத்தான். இது அறநெறியாளர்கள் நினைத்துப் பாராத புதுநிலைமை.

இந்த நிலைப்பாட்டின் அடிப்படைக் குறை, ஒப்பீட்டுக்கு ஆளில்லாமை. ஏடு எழுதாமல் இருந்திருந்தால் பிராங்க்ளின் எப்படியிருந்திருப்பார் என்பதை யாராலும் சொல்ல முடியாது. எழுதியவரே சாட்சி, அவரே நீதிபதி.

அளந்தால் அறியலாம்: மருத்துவத்தின் விடை

இரண்டாவது விடை நற்பண்பை விட்டு உடலுக்கு வந்தது. இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ, துலாக்கோலில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, உண்ட உணவையும் கழித்தவற்றையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எடைபோட்டார். 1614இல் வெளியான அவருடைய நூலின் முடிவு வியப்பளித்தது: ஒரு நாளில் எட்டு ராத்தல் உண்டால் அதில் ஐந்து ராத்தல்வரை கண்ணுக்குத் தெரியாத ஆவியாக உடலிலிருந்து வெளியேறுகிறது. அவருடைய விளக்கங்கள் பழைய மருத்துவக் கோட்பாட்டைச் சார்ந்தவை. அவை இன்று செல்லுபடியாகா. உடலைத் தினமும் எடைபோட்டால் உணர்வுக்கு எட்டாத ஒன்று தெரியவரும் என்ற முறை மட்டும் நிலைத்தது.

அடுத்த திருப்பம் தனிமனிதரிடமிருந்து மக்கள்தொகைக்குப் போனது. பெல்ஜியப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது என்று 1830களில் கண்டார். அவர் தேடியது 'சராசரி மனிதரை'. 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த விகிதத்துக்கு உடல் நிறைக் குறியீடு என்று பெயரிட்டனர். அவர்களும் அதைப் பெருந்திரளை ஆராயும் கருவியாகவே முன்வைத்தனர். திரளுக்கென்று பிறந்த எண் இன்று ஒவ்வொருவரின் கைபேசியிலும் தனிநபர் தீர்ப்பாகத் தோன்றுகிறது.

உணவைக் கலோரியாக எண்ணும் பழக்கத்தை வீடுகளுக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்க மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918இல் எழுதிய நூலுக்குப் பெரும் பங்குண்டு. அசைவைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமிட்டது 1953இல் 'லான்செட்' இதழில் வந்த ஜெரி மோரிஸ் குழுவின் ஆய்வு. லண்டன் இரட்டைமாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களிடம் மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை உடலுக்குக் கேடு என்ற கருத்துக்கு முதல் வலுவான சான்று இதுவே. ஓட்டுநர்களின் சீருடை அளவே பெரிதாக இருந்ததையும், ஆகவே வேலையில் சேரும்போதே இரு தரப்பினரின் உடல்வாகும் வேறுபட்டிருக்கலாம் என்பதையும் மோரிஸே பின்னர் ஆராய்ந்தார்.

பத்தாயிரம் காலடி என்ற இலக்கின் பிறப்பிடம் ஆய்வகமன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்த வேளையில், 1965இல் யமாசா நிறுவனம் 'மான்போ-கெய்' என்ற பெயரில் ஒரு நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி மானி என்பதே அந்தப் பெயரின் பொருள். நினைவில் எளிதாக நிற்கும் முழு எண் உலகெங்கும் பரவியது. அதைச் சோதித்த ஆய்வுகள் அரை நூற்றாண்டுக்குப் பிறகே பெருமளவில் வந்தன. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை ஐ-மின் லீ குழு பின்தொடர்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரை, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிவரையும், இளையோருக்கு 8,000 முதல் 10,000 அடிவரையும் பலன் கூடிச் சமநிலையை எட்டுவதாகக் காட்டியது. இவை பின்தொடர் ஆய்வுகள். நோயுற்றவர்கள் இயல்பாகவே குறைவாக நடப்பார்கள் என்பதால், நடையின் பலனைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும் வாய்ப்பு இவற்றில் எப்போதும் உண்டு.

எண்ணினால் நடக்கிறார்களா?

நடந்தால் நல்லது என்பது ஒரு கூற்று. நடையை எண்ணினால் கூடுதலாக நடப்பார்கள் என்பது வேறொரு கூற்று. இரண்டாவதற்கான சான்றுகள் ஊக்கம் தருபவை; ஆனால் அடக்கமானவை.

2007இல் தேனா பிரவாட்டா குழு 26 ஆய்வுகளைத் தொகுத்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளில், நடைமானி அணிந்தவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 2,500 அடி கூடுதலாக நடந்தார்கள். குறிப்பிட்ட இலக்கு வைத்துக்கொண்டவர்களிடமே இந்த முன்னேற்றம் தெளிவாக இருந்தது. 2016இல் பெஞ்சமின் ஹார்கின் குழு 138 ஆய்வுகளைத் தொகுத்து, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை அடைய உதவுகிறது என்றும், அதை எழுதிவைத்தாலோ பிறரிடம் தெரிவித்தாலோ பலன் கூடுகிறது என்றும் கண்டது. அறநெறியாளர்களின் ஊகத்துக்கு இது ஓரளவு நவீன ஆதரவு. 2022இல் வந்த பெருந்தொகுப்பு ஒன்று, அணியும் கருவிகளால் நாளுக்குச் சுமார் 1,800 அடி நடை கூடுகிறது, எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைகிறது என்று மதிப்பிட்டது.

மறுபக்கச் சான்றுகளையும் ஒதுக்க முடியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜாகிசிச் குழு, உடல் எடை கூடிய இளைஞர்கள் 471 பேரை இரண்டு ஆண்டுகள் ஆய்வு செய்தது. எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் உண்டு. ஆறு மாதத்துக்குப் பின் ஒரு பிரிவினர் அணியும் கருவியைப் பெற்றார்கள். மற்றவர்கள் தாங்களே விவரங்களைப் பதிந்தார்கள். முடிவில் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோவும், தாமே பதிந்தவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த சோதனையிலும் கருவி கட்டியதால் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பண ஊக்கத்தொகை கிடைத்தவரை கூடிய அசைவு, அது நின்றதும் தங்கவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. எண்ணுவது சில மாதங்களுக்கு நடையைக் கூட்டுகிறது; இலக்கும் வேறு ஆதரவும் சேர்ந்தால் கூடுதலாக. எடை, இரத்த அழுத்தம் போன்ற தொலைவான பலன்களுக்குப் போகப் போக விளைவு மெலிகிறது. தானே கையால் எழுதுவதும் கருவி தானாகப் பதிவதும் ஒன்றுதானா என்ற ஐயத்தையும் பிட்ஸ்பர்க் ஆய்வு எழுப்புகிறது. ஒரே ஆய்வைக் கொண்டு அதற்கு விடை சொல்லிவிட இயலாது.

எண்ணின் எல்லைகள்

எண்ணின் மீதான விமர்சனங்கள் மூன்று வகையானவை. முதலாவது துல்லியம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை அறுபது பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை ஐந்து சதவீதப் பிழைக்குள் காட்டின. செலவான கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியின் பிழையே 27 சதவீதம். மோசமானதின் பிழை 93 சதவீதம். அப்படியிருக்க, ஆண்டு முழுக்க எரித்த கலோரி என்று தொகையாகக் காட்டப்படும் எண்ணை வைத்து எதையும் தீர்மானிப்பது நல்லதன்று.

இரண்டாவது, யாருக்காக வகுத்த அளவு என்பது. இந்தியர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் விஷயம். மருத்துவர் யாஜ்னிக்கும் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் அளவுகளையே முன்வைத்தார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரான யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 சதவீதம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் எச்சரிக்கை எல்லைகளாகப் பரிந்துரைத்தது. கருவி பச்சை நிறத்தில் காட்டும் எண் ஒரு தமிழருக்கு நிம்மதி தரும் எண்தானா என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவும் இரத்தச் சர்க்கரையும் பல நேரங்களில் அதைவிட நன்றாகப் பேசும்.

மூன்றாவது, அளப்பது அனுபவத்தையே மாற்றிவிடும் என்பது. ஜோர்டன் எட்கின் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், நடையையோ வாசிப்பையோ எண்ணிக்கொண்டே செய்தவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் அதில் கிடைத்த இன்பம் குறைந்தது, பின்னர் தொடரும் விருப்பமும் தேய்ந்தது. தூக்கக் கணக்கைச் சரியாக்கும் கவலையிலேயே தூக்கம் கெட்ட நோயாளிகளை 2017இல் மருத்துவர்கள் விவரித்தார்கள். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்ன கருத்தின் சாரம் இங்கும் பொருந்துகிறது: ஓர் அளவே இலக்கானால் அது நல்ல அளவாக இருப்பது நின்றுபோகிறது. இந்த விமர்சனத்துக்கும் வரம்பு உண்டு. எட்கினின் சோதனைகள் குறுகியவை. பொழுதுபோக்குச் செயல்களைப் பெரிதும் சார்ந்தவை. சர்க்கரை நோயாளி தன் நடையை எண்ணுவது இன்பத்துக்காக இல்லை. அவருடைய கணக்கு வேறு.

மேசை: அடுக்குபவர்களும் குவிப்பவர்களும்

ஒழுங்கைப் பற்றிய விவாதம் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. 1911இல் பிரெடரிக் டெய்லர் வேலையை அசைவு அசைவாக அளந்து மேலாண்மைக் கோட்பாடு வகுத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே கிறிஸ்டின் பிரெடரிக் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான '5எஸ்' முறை, வேண்டாததைப் பிரித்தல், வேண்டியதை இடத்தில் வைத்தல், துடைத்தல், நிலைப்படுத்தல், பழக்கமாக்கல் என்ற ஐந்து படிகளைக் கொண்டது. 1998இல் டெமிங் பரிசு பெற்ற சுந்தரம்-கிளேட்டன் போன்ற நிறுவனங்களின் வழியே தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் இவ்வகைத் தரமுறைகள் பழக்கமானவை. 2010இல் மாரி கோண்டோவின் நூல் இதற்கு உணர்வு சார்ந்த வீட்டு வடிவம் தந்தது.

குவிப்பவர்களின் தரப்பு முறையான ஆய்வாக எழுந்தது 1983இல். அலுவலக ஊழியர்கள் மேசைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த தாமஸ் மலோன், மேசைமேல் கிடக்கும் குவியல் செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டும் பணியைச் செய்கிறது என்றார். எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டால் அந்த நினைவூட்டல் மறைந்துவிடும். 2001இல் விட்டேக்கரும் ஹிர்ஷ்பெர்க்கும், அலுவலகம் இடம் மாறியபோது ஊழியர்களின் காகிதங்களை ஆராய்ந்தார்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக, ஃபைல் போட்டு அடுக்குபவர்களிடமே காகிதம் அதிகம் சேர்ந்திருந்தது. அதை அவர்கள் குறைவாகவே எடுத்துப் பார்த்தார்கள். பயன் தெரியும் முன்பே அவசரமாக ஃபைலில் சேர்த்ததே காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஜப்பானியப் பொருளியலாளர் யுகியோ நோகுச்சி 1993இல் இடைவழி ஒன்றைப் பரப்பினார். காகிதங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டாம். உறையிலிட்டு வரிசையாக நிறுத்தி, பயன்படுத்தியதை ஒவ்வொரு முறையும் ஒரே முனையில் வைத்தால் போதும். வேண்டியவை முன்னே நிற்கும். வேண்டாதவை தாமே பின்னே தள்ளப்படும். இதற்கு இணையான கணிதம் 1985லேயே வந்திருந்தது. பட்டியலில் கடைசியாக எடுத்ததை முன்னால் வைக்கும் முறையின் தேடற்செலவு, எதிர்காலத் தேவையை முன்கூட்டியே அறிந்து அடுக்குபவரின் செலவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாண்டாது என்று டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் நிறுவினார்கள். கணினி நினைவகத்துக்கான தேற்றத்தை மனிதரின் மேசைக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். இருந்தாலும், ஒழுங்கற்றதாகத் தோன்றும் குவியலுக்குள்ளும் கால வரிசை என்ற ஒழுங்கு இருக்கக்கூடும் என்பதை அது விளக்குகிறது.

ஒழுங்கு மனத்தை மாற்றுகிறதா என்பதில் சான்றுகள் பிளவுபட்டுள்ளன. 2013இல் கேத்லீன் வோஸ் குழு, ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் சாக்லேட்டைவிட ஆப்பிளை அதிகம் தேர்ந்தெடுத்ததாகவும், கலைந்த அறையில் இருந்தவர்கள் புதுமையான யோசனைகளை அதிகம் சொன்னதாகவும் அறிவித்தது. 2019இல் வெளியான மற்றொரு ஆய்வு, அறையின் குலைவு படைப்பாற்றலைப் பாதிக்கவில்லை என்றது. ஒழுங்கான மேசை நல்ல உணவுக்கு இட்டுச்செல்லும் என்ற கவர்ச்சியான பாலத்தை இவ்வளவு மெல்லிய தூண்களின் மேல் கட்ட முடியாது.

மேசைக்கும் உடலுக்கும் உறுதியான தொடர்பு உட்காரும் நேரத்தில்தான் இருக்கிறது. நின்று வேலை பார்க்க உதவும் மேசைகள், உட்காரும் நேரத்தைக் குறுகிய காலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் நூறு நிமிடம்வரை குறைப்பதாக 2018ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு மதிப்பிட்டது. சான்றின் தரம் குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு 'லான்செட்' கட்டுரை, நாளுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் உட்கார்வதன் கூடுதல் இறப்பு அபாயத்தை 60 முதல் 75 நிமிட மிதமான உடலசைவு ஈடுசெய்வதாகக் கண்டது. ஆண்டிறுதியில் மேசையை மாற்றியமைப்பவர், அழகைவிட எழுந்து நடக்க வைக்கும் அமைப்பைத் தேடுவதற்கு இது தக்க காரணம்.

யாருடைய ஒழுங்கு?

நான்காவது நிலைப்பாடு, ஒழுங்கும் அளவும் யார் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்று கேட்கிறது. மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல், அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருளே என்று வாதிட்டார். அப்படியானால் எது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு அதிகாரம் இருக்கிறது. 2010இல் கிரேக் நைட்டும் அலெக்ஸ் ஹஸ்லமும் செய்த சோதனைகளில், வெறுமையாகத் துடைத்துவைத்த அறையைவிடச் செடியும் படமும் வைத்த அறையில் வேலை நன்றாக நடந்தது. தாங்களே அமைத்துக்கொண்ட அறையில் இன்னும் நன்றாக நடந்தது. அவர்கள் அமைத்ததை ஆய்வாளர் மாற்றியமைத்ததும் அந்தப் பலன் மறைந்துபோனது.

வீட்டில் இந்தக் கேள்வி பெண்கள்மேல் அதிகம் விழுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியரிடம் சாக்ஸ்பியும் ரெப்பெட்டியும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டைக் குப்பையாகவும் முடியாத வேலையாகவும் விவரித்த மனைவியரிடம் மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அன்றாட ஏற்றத்தாழ்வு ஆரோக்கியமற்ற முறையில் இருந்தது. கணவர்களிடம் அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஒருவரின் ஆண்டிறுதிப் புத்துணர்ச்சி இன்னொருவருக்குக் கூடுதல் வேலையாக முடிந்தால், அதை நலமென்று எழுதிக்கொள்வது பாதிக் கணக்கே. உடற்பயிற்சிக்கு நேரம் கிடைப்பதும் இதே பங்கீட்டைப் பொறுத்தது. 2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, போதிய உடலசைவு இல்லாத இந்தியர்களில் பெண்களின் விகிதம் ஆண்களினதைவிட வெகுவாக அதிகம் என்று காட்டியது.

அளவின் உரிமையும் இதோடு சேர்ந்தது. 2018இல், ஓடுபவர்களின் பாதைகளைத் தொகுத்து ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடம் இராணுவத் தளங்களின் இருப்பிடத்தை வெளிப்படுத்தியது தெரியவந்தது. தனிநபர் தன் நலத்துக்காகச் சேர்த்த விவரம் அவர் எண்ணாத பயன்களுக்குப் போகும் என்பதற்கு அது பொதுவில் அறியப்பட்ட சான்று.

ஆண்டிறுதி என்ற தருணம்

ஏன் ஆண்டிறுதியில்? ஜப்பானில் டிசம்பர் மாதப் பெருந்துப்புரவு பழைய வழக்கம். தமிழ்நாட்டில் பழையதைக் கழிக்கும் நாள் மார்கழியின் கடைசி நாளான போகி. கருவிகளையும் புத்தகங்களையும் துடைத்து வைப்பது ஆயுத பூசைக்கு. நாட்காட்டிகள் வேறாயினும் தருணத்தின் பணி ஒன்றே. 2014இல் ஹெங்சென் டாய் குழு, வாரம், மாதம், ஆண்டு, பிறந்தநாள் போன்ற தொடக்கங்களை அடுத்து உடற்பயிற்சிக்கூடம் செல்வோர் கூடுவதைக் காட்டியது. ஜனவரி முதல் தேதிக்குத் தனிச்சக்தி ஏதுமில்லை. பழையது முடிந்தது என்று உணரவைக்கும் எந்த நாளும் உதவக்கூடும்.

தங்குகிறதா என்பதில் ஜான் நோர்கிராஸின் ஆய்வுகள் அடிக்கடி மேற்கோளாகின்றன. 1988இல் வெளியானதில், உறுதிமொழி எடுத்த 200 பேரில் 77 சதவீதத்தினர் ஒரு வாரமும், 19 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளும் காத்தார்கள். 2002இல் வெளியானதில், மாற விரும்பியவர்களுள் உறுதிமொழி எடுத்தோரில் 46 சதவீதத்தினரும், எடுக்காதோரில் 4 சதவீதத்தினரும் ஆறு மாதத்தில் வெற்றி கண்டார்கள். இவை அவரவர் சொன்ன விவரங்கள். உறுதிமொழி எடுத்தவர்கள் முன்பே ஆயத்தமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஒன்றை விடுவேன் என்றவர்களைவிட (47.1 சதவீதம்) ஒன்றைச் செய்வேன் என்றவர்கள் (58.9 சதவீதம்) அதிகம் வெற்றி பெற்றார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு ஆராய்ந்த 96 பேரிடம், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள்வரை தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது. இடைநிலை 66 நாள். ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதும் கெடுக்கவில்லை. தொடர்ச்சி அறுந்ததும் கணக்கைப் பூச்சியமாக்கும் செயலிகள் இந்தக் கண்டுபிடிப்போடு ஒத்துப்போவதில்லை.

மதிப்பீடு

ஓரளவு நிலைபெற்றவை எவை? எண்ணிக் குறிப்பது, ஓர் இலக்கோடு சேர்ந்தால், சில மாதங்களுக்கு அசைவைக் கூட்டும். மிகக் குறைவாக நடப்பவருக்குச் சிறிய கூடுதலும் பெரும் பயன் தரக்கூடும். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் நடந்து 2014இல் வெளியான இந்திய ஆய்வில் 54.4 சதவீதத்தினர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்பதை நினைத்தால், இந்த அடக்கமான பலனும் அலட்சியப்படுத்தத்தக்கது அன்று. மேசையின் ஒழுங்கு, அதில் வேலை செய்பவரே தீர்மானித்ததாக இருந்தால் உதவுவதாகத் தெரிகிறது. அடுக்குவதா குவிப்பதா என்பதற்குப் பொதுவிடை இல்லை.

திறந்தே இருப்பவை அதிகம். பெரும்பாலான சோதனைகள் இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடுகின்றன. பத்தாண்டு அளந்தவர் என்ன ஆகிறார் என்பது குலுக்கல் முறைச் சோதனைகளுக்கு எட்டாத நிலையிலேயே இருக்கிறது. கருவி தானாகப் பதிவதற்கும் மனிதர் கையால் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு நேரடிச் சோதனைக்குக் காத்திருக்கிறது. இங்கே குறிப்பிட்ட மேசை ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய அலுவலகங்களில் நடந்தவை. சாப்பாட்டு மேசையே அலுவலகமாகி, ஒரே அறையைப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பகிரும் வீடுகளுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதை இங்குள்ளவர்களே ஆராய வேண்டியிருக்கிறது.

கைவசமுள்ள சான்றுகளைக் கொண்டு ஒரு நிலைப்பாட்டைத் தற்காலிகமாக எடுக்கலாம். ஆண்டிறுதித் தொகை தன்னளவில் யாரையும் மாற்றுவதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் செய்யவிருக்கும் ஒரு செயலோடு அது கட்டப்படும்போதே பலன் தருகிறது. எனவே ஒவ்வொரு அளவையும் வைத்துக்கொள்ளுமுன் மூன்றைக் கேட்பது நியாயமானது: இது எந்தச் செயலை மாற்றப்போகிறது, இந்த எண் என் உடலுக்குப் பொருந்துகிறதா, இதன் உழைப்பை வீட்டில் யார் சுமக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை தராத அளவை நிறுத்திவிடுவதால் இழப்பு நேரும் என்று காட்டும் சான்று எதுவும் இங்கு பரிசீலித்த ஆய்வுகளில் இல்லை.